நாட் அட் ஆல்

ஒரு மனிதரை, பெற்ற தாய்க்கு முகம் காட்டாமல், கடலுக்கு அந்தப் பக்கத்து மண்ணில் புதைத்த பாவம் என்னைச் சேரும். மண்வெட்டியை நான் தொடவில்லை. அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசித்துத்தான் கை நீட்டுவேன். நான் செய்தது இவ்வளவுதான்: ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பெண்களை உட்காரவைத்து மூன்று ஆங்கில வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தேன்.

நாட் அட் ஆல்.

நான் சலவை நிலையத்தில் ரசீது எழுதுகிறவன். ஆஸ்பத்திரி, ஓட்டல், விடுதி என்று நகரத்தில் யார் எங்கே படுத்து எழுந்தாலும் அந்த விரிப்பு மறுநாள் எங்களிடம் வந்துவிடும். முன்னறையில் நானும் என் மேஜையும் தொலைபேசியும். பின்னால் நீளமான கூடம். அதில் ஆளுயரச் சலவை இயந்திரங்கள், ஈர விரிப்பை வாங்கிச் சூடாக வெளியே தள்ளும் உருளை, கடைசியில் மடிக்கும் மேடை. மழை மாதங்களில் வெளிக்கொடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. எல்லாம் உருளைக்குள் போய்த்தான் வர வேண்டும். அப்போது கூடத்துக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு உலகமே வெள்ளையாகிவிடும். நான் கண்ணாடி போட்டவன். பல நாட்கள் எதிரே வருவது மனிதரா மடித்து அடுக்கிய விரிப்பா என்று தெரியாமல் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கில வகுப்பு ஓட்டலால் வந்தது. விருந்தாளிகளிடம் நாலு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்த பெண்கள் இருந்தால் மாடி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஓட்டலில் சொன்னார்கள். ஆவி இல்லை, ஈரம் இல்லை, மதியம் உட்கார்ந்து சாப்பிடலாம். முதலாளி கூடத்தில் வந்து நின்று, இங்கே யாருக்கு ஆங்கிலம் தெரியும் என்று கேட்டார். நான் கை தூக்கவில்லை. காதைச் சொறிந்தேன். அவர் அதைக் கை தூக்கியதாக எடுத்துக்கொண்டார்.

என் ஆங்கிலம் சலவை இயந்திரத்தோடு வந்த கையேட்டிலிருந்து கிடைத்தது. ஆகவே எச்சரிக்கை செய்யச் சொன்னால் பிரமாதமாகச் செய்வேன். ‘இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்றதற்குப் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடைத்த உரையாடல் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு தினமும் மாலை ஆறு மணிக்கு மடிக்கும் மேடையைச் சுற்றி வகுப்பு நடத்தினேன். ஒரே வாரத்தில் எனக்கு ‘கிராமர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே கிராமர் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் கிராமர்.

ஏழு பேரில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் உருளையை ஓட்டுகிற ரோலர் அக்கா. இரைச்சலில் பேசிப் பழகியதால் ரகசியத்தையும் தெருவுக்குக் கேட்கச் சொல்வார். இன்னொருத்தி ஓரம் அக்கா. பெரிய விரிப்பை இரண்டு பேர் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். ஒரு விரல் அளவு தள்ளியிருந்தாலும் “ஓரம், ஓரம்” என்று திருப்பி உதறவைப்பாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் மடித்த விரிப்பைத் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டிப் பரிமாறலாம் என்று முதலாளி சொல்வார்.

ஓரம் அக்காவின் கணவர் ஆறு வருடமாக வெளிநாட்டில் வெல்டர். மாமியார், மைத்துனர், எட்டு வயது மகள் என்று குடும்பம் இங்கே. தினமும் மதிய இடைவேளையில் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டு அவர் குரங்குக்குல்லாய் போட்டுக்கொண்டுதான் தெரிவார். ஏழு பேர் தங்கிய அறை. ஏ.சி.யின் பொத்தான் மற்ற ஆறு பேர் கையில். ரோலர் அக்கா எட்டிப் பார்த்து, “என்னங்க, பனியில வேலையா?” என்று கேலி செய்வார். அவரும் சைட்டில் கொஞ்சம் ஆங்கிலம் பொறுக்கியிருந்தார். மனைவி வகுப்புக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் தினமும் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். ஹேவ் யூ ஈட்டன்? அவள் கூடமே திரும்பிப் பார்க்க, சிவந்துபோய், எஸ் ஐ ஹேவ் என்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆனால் பதில் சரி.

அவளுடைய நோட்டு மகளின் போன வருடத்து நோட்டில் மிஞ்சிய பக்கங்கள். குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன். மை ஹஸ்பண்ட் வெல்டர். மை ஹஸ்பண்ட் லைக் எக். மை ஹஸ்பண்ட் ஃபீல் கோல்ட். இப்படியே போயிற்று. எனக்குச் சிவப்புப் பேனாவின் மேல் ஒரு பைத்தியம் உண்டு. லைக்குக்குப் பக்கத்தில் ஓர் எஸ், ஃபீலுக்குப் பக்கத்தில் ஓர் எஸ் போட்டு, இரண்டையும் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

எனக்கும் உங்களுக்கும் போடாத எஸ்ஸை அவருக்கு மட்டும் எதற்குப் போட வேண்டும் என்று கேட்டாள். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வேண்டாம், தூரத்தில் இருக்கிறவருக்குப் போட வேண்டும் என்று அடித்துவிட்டேன்.

“அப்ப இவருக்குப் போட்டுத்தான் ஆகணும்,” என்று சிரித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடம் ‘வுட் யூ மைண்ட்’. ஜன்னலை மூடட்டுமா, இங்கே உட்காரட்டுமா என்று மரியாதையாக அனுமதி கேட்கிற விதம் அது. ஆட்சேபம் உண்டா என்பது கேள்வி. இல்லவே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள் என்பதற்கு ‘நாட் அட் ஆல்’ என்பது பதில். இதை விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. சம்மதம் என்றால் ‘நாட்’ எங்கிருந்து வந்தது என்று ஏழு பேரும் கேட்டார்கள்.

“சரின்னு சொல்றதுக்கு இல்லைன்னு சொல்லணுமா?” என்றார் ரோலர் அக்கா. “எங்க வீட்டுக்காரர் இங்கிலீசுதான் பேசிக்கிட்டு இருந்தாரா இத்தனை வருசமா?”

மேடை குலுங்கச் சிரித்தார்கள். எனக்குப் பசி வேறு. சோம்பேறி வாத்தியார்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். “யோசிக்கவே யோசிக்காதீங்க. காதுல மைண்டுன்னு விழுந்தா வாயில நாட் அட் ஆல்னு வரணும். நடுவுல மூளையைக் கொண்டு வராதீங்க,” என்றேன். ஏழு பேரும் பத்துத் தடவை சொன்னார்கள். ஓரம் அக்கா உச்சரிப்புதான் எல்லோரையும்விட நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் வெல்டர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அவரோடு அறையில் தங்கியிருந்தவர் மைத்துனருக்கு அழைத்துத் தமிழில் சொன்னார். நாங்கள் எல்லோரும் போனோம். சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மாமியார் சட்டைத் தொழிற்சாலைக்கு நூல் வெட்டிக் கொடுப்பவர். தைத்து வந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் முனைகளைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி அடுக்க வேண்டும். அன்றைக்கும் மூட்டை பாதி பிரித்தபடி கிடந்தது. அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. யாரும் அதை வாங்கி வைக்கவில்லை. பக்கத்து வீட்டார் சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முட்டையைப் பார்த்ததும் ஓரம் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமியார் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். உடம்பு எப்போது வரும் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

மூன்றாம் நாள் காலையில் ஓரம் அக்கா வேலைக்கு வந்து நின்றாள். கணவரின் கம்பெனியில் கொடுத்திருந்த எண் எங்கள் அலுவலக எண்தான். பதினோரு மணிக்கு அழைத்துப் பேசுவார்கள் என்று செய்தி வந்திருந்தது. கூடத்துக்குப் போகாமல் என் மேஜைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் அங்கே உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியும். வாத்தியார் இருக்கிறாரே என்றுதான்.

இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு மணிக்கு மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல், மிகவும் கனிவான குரல், ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொன்னது. அதில் எனக்குப் புரிந்தது ‘குட் மார்னிங்’. என் புத்தகத்தில் யாரும் அவ்வளவு வேகமாகப் பேச மாட்டார்கள். ஏழு பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற ஆள் திருதிருவென்று விழிப்பதை அவள் பார்த்துவிடுவாளே என்கிற பயம் எனக்குச் சாவைவிடப் பெரிதாகப் போயிற்று. “உங்களைத்தான் கேக்கறாங்க. நீங்களே பேசுங்க, நான் பக்கத்துலதானே இருக்கேன்,” என்று கருவியை அவள் கையில் திணித்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ அவசரம்போல் எழுத ஆரம்பித்தேன். அன்றைக்கு எழுதிய ரசீதில் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு தலையணை உறை என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி அன்று எதுவும் அனுப்பவில்லை.

கூடத்தில் உருளை ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துப் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. எஸ். எஸ், வைஃப். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபார்ட்டி? என்றாள். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ‘வேர் ஹி ஸ்லீப்?’ என்றாள். நடுவில் ஒரு ‘டஸ்’ விட்டுப்போயிற்றே என்று என் மண்டை எண்ணியது. அந்த நேரத்திலும் அப்படித்தான் எண்ணியது. பதிலைக் கேட்டபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வெற்றுக் கொடிக்கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. பிறகு, ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக, பாடத்தில் சொன்ன அதே உச்சரிப்பில் சொன்னாள்.

“நாட் அட் ஆல்.”

நான் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

ஆறாம் நாள் அறைத்தோழர் மறுபடி அழைத்தார். அடக்கம் நல்லபடியாக முடிந்தது, ஏழெட்டுப் பேர் போயிருந்தோம், வீட்டம்மா சம்மதம் கொடுத்ததாகக் கம்பெனியில் சொன்னார்கள் என்றார். மைத்துனர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு வீட்டில் நடந்ததை ரோலர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரைக் கேட்டுச் சம்மதம் கொடுத்தாய் என்று மாமியார் கேட்டிருக்கிறார். ஓரம் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ மைண்டு மைண்டு என்று கேட்டார்கள், கிராமர் சார் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றிருக்கிறாள்.

அன்று மாலையே போனேன். போகாமல் இருக்க என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிரில் உட்காரச் சொல்லி, மடியில் ஒரு சட்டையை விரித்து, காலர் ஓரத்து நூலை நறுக்கிக்கொண்டே, அந்த வார்த்தையைச் சொல்லு தம்பி என்றார்.

சொன்னேன்.

“நாட்டட்டாலா. அப்படின்னா?”

“எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு அர்த்தம்மா.”

“இல்லைன்னு சொன்னா, புதைக்கச் சொன்னதா ஆகுமா?”

“அவங்க கேட்ட கேள்விக்கு அப்படித்தாம்மா ஆகும்.”

அவர் அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மைத்துனர் வாசலிலேயே நின்றிருந்தார். பேருந்துப் பணிமனையில் வேலை. கையில் கிரீஸ் போகவே இல்லை. அண்ணி எஸ் நோ தெரியாத ஆளில்லை, ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறவள், இதை நான் நம்ப மாட்டேன் என்றார். மாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“தம்பி, நீ அவங்களுக்கு எழுது. என்ன கேட்டாங்க, இவ என்ன சொன்னா, எழுத்துல வரட்டும். புரியாம சொல்லியிருந்தா அது எங்க தலையெழுத்து. புரிஞ்சு சொல்லியிருந்தா இவ இந்த வீட்ல இருக்க வேண்டாம். பேத்தி எங்கிட்ட இருக்கட்டும்.”

உள்ளறையில் ஓரம் அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

அந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் தாளில், கை பழக்கத்தில், வுட் யூ மைண்ட் என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தேன். மூன்றாவதை அனுப்பினேன். அதற்குள் தெருவில் என் பழைய பெயர் போய்விட்டது. டீக்கடையில், “நாட்டட்டாலுக்கு ஒரு டீ” என்றார்கள். கேலி என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவே பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். ரோலர் அக்கா மட்டும், யார் வாயில்தான் தப்பு வரவில்லை, பாதியில் விடாதே என்று சத்தம் போட்டுப் பார்த்தார். ஓட்டலுக்குக் கடைசியில் அவர் ஒருவர்தான் போனார். அவர் குரலைக் கேட்டால் விருந்தாளிகள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

ஓரம் அக்கா பழையபடி மேடையில் நின்றாள். உருளையிலிருந்து சூடாக வருகிற விரிப்பைக் கன்னத்துக்கு அருகில் ஒரு கணம் பிடித்துப் பார்ப்பாள், ஈரம் இருக்கிறதா என்று. இப்போது அந்தக் கணம் கொஞ்சம் நீண்டது. நான் அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போவேன். அந்தக் கேள்வி புரியாமல்தானே சொன்னீர்கள், என் பாடத்தால்தானே? ஆம் என்றால் பழி முழுக்க என்னுடையது. விழுந்து கும்பிட்டு அழுதுவிடலாம். இல்லை என்றால் எனக்கு ஒரு விடுதலை. எது வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஏதோ ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. முதல் தடவை கேட்டபோது, விடுதிக்காரர் விரிப்பில் மைக்கறை போகவில்லை, அதை ரசீதில் எழுதுங்கள் என்றாள். இரண்டாம் தடவை எதிர் ஓரத்தை என் கையில் கொடுத்து, பிடிங்க சார் என்றாள். பிடித்து, உதறி, நடந்து போய் மூலையைக் கொடுத்தேன். “ஓரம் பாருங்க,” என்றாள். என் மூலை ஒரு கையளவு தள்ளியிருந்தது.

உடம்பை அனுப்பியிருந்தால் வந்து சேர்ந்திருக்கும் என்கிற நாள் கணக்கில், கடிதம் வந்தது. மாமியார் பேருக்கு வந்த உறை. பிரிக்காமலே வைத்துக்கொண்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம், மழை லேசாகப் பிடித்திருந்தது. மாமியார் சட்டை மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு இடம் செய்திருந்தார். மைத்துனர் சுவரில் சாய்ந்து நின்றார். ஓரம் அக்கா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. சிறுமி வந்து என் முழங்கையோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவள் மூன்றாம் வகுப்பு, ஆங்கிலப் பள்ளி. என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

உறையைப் பிரித்து முதலில் மனதுக்குள் படித்தேன். கம்பெனிக் கடிதம், நிதானமான ஆங்கிலம். என் வாழ்நாளில் ஒரு முழு ஆங்கிலக் கடிதம் ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். ஆவணங்கள் தயாராகி உடலை அனுப்ப நாற்பது நாட்கள் ஆகும் என்று எங்கள் அலுவலர் தெரிவித்தார். இங்கேயே அடக்கம் செய்ய ஆட்சேபம் உண்டா என்று மூன்று முறை, வேறு வேறு சொற்களில், மெதுவாகக் கேட்டார். இறந்தவரின் மனைவி இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் பதில் பெற்றார். அதன்பின், முழுவதும் புரிந்துகொண்டு, தம் சம்மதத்தைத் தெரிவித்தார். உரையாடல் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஆழ்ந்த அனுதாபங்கள்.

தலையை நிமிர்த்தினேன். ஓரம் அக்கா திரும்பியிருந்தாள். பாத்திரத்தை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. வகுப்பில் நான் நோட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போது எதிரில் நின்று பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

“படி தம்பி,” என்றார் மாமியார்.

படித்தேன். அந்தக் காகிதத்தில் இல்லாத ஒரு கடிதத்தைத் தங்குதடையில்லாமல் படித்தேன். எங்கள் அலுவலர் அவசரத்தில் வேகமாகப் பேசிவிட்டார், மரியாதைக்காகக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டார், அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை என்பது இப்போது பதிவைக் கேட்டால் தெரிகிறது, இது மொழியால் வந்த பிசகு, அந்தத் தாயின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறோம். கம்பெனிக்காரர்கள் காலைத் தொட மாட்டார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரும் கவனிக்கவில்லை.

சிறுமி கவனித்தாள். விரலைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

“மாமா, கன்சென்ட்னா என்ன?”

மைத்துனர் சுவரைவிட்டு நிமிர்ந்தார்.

“வருத்தம்னு அர்த்தம்மா,” என்றேன். “அவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்கன்னு போட்டிருக்கு.”

எத்தனையோ வார்த்தைக்குத் தெரியாமல் தப்பு அர்த்தம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்தே சொன்னது அது ஒன்றுதான். சிறுமி உதட்டுக்குள் இரண்டு முறை அதைச் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டாள். நான் கடிதத்தை நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாமியார் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். ஒரு சட்டையை மடியில் இழுத்துப்போட்டு, கைப்பட்டியில் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

“மூணே மூணு வார்த்தை,” என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே, “தம்பிக்கு டீ போடும்மா. உனக்கும் சேர்த்துப் போடு. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் குடிக்கல,” என்றார்.

மைத்துனர் சட்டென்று வெளியே போய்விட்டார். சைக்கிள் கடைப் பக்கம் அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

டீ குடித்தேன். மாமியார் என்னிடம் கடைசியாக, நீ இனிமேல் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதே தம்பி, உனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். அதைப்போல நியாயமான தீர்ப்பை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சரிம்மா என்று எழுந்தேன்.

ஓரம் அக்கா குடையை எடுத்துக்கொண்டு சந்து முனைவரை வந்தாள். குடை ஒன்று, ஆள் இரண்டு. அவள் அதை என் பக்கமே சாய்த்துப் பிடித்தாள். சைக்கிள் கடை இரும்புக்கதவு பாதி இறங்கியிருந்தது. மைத்துனர் எங்கோ போயிருந்தார். நான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சொன்னா என்ன?” என்றேன். “அன்னைக்கே அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“தப்பா சொல்லிட்டேன்னா மன்னிச்சிருவாங்க சார். நானா முடிவு பண்ணினேன்னா மன்னிக்க மாட்டாங்க. அவங்க பிள்ளை அது.” கொஞ்ச தூரம் நடந்தாள். “உங்க பேரை இழுத்துவிட்டுட்டேன். தெருவெல்லாம் கூப்பிடறாங்க. எனக்குக் கேக்கும்போதெல்லாம் என்னவோ செய்யுது.”

அது பரவாயில்லை, கிராமரைவிட இந்தப் பெயருக்குத்தான் நான் பொருத்தம் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சந்து முனை வந்துவிட்டது. இனிக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன்.

“கேள்வி புரிஞ்சுதான் சொன்னீங்களா?”

“புரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன்?”

அவள் நின்றுவிட்டாள்.

“நாப்பது நாள் ஆகும்னாங்க. நாப்பதான்னு கேட்டேன், ஆமான்னாங்க. அதுவரைக்கும் எங்க தூங்குவார்னு கேட்டேன். ஐஸ் பெட்டியிலன்னு சொன்னாங்க. நாப்பது நாளும்.” குடைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவருக்குக் குளிர் ஆகாது சார். நோட்டுலகூட எழுதியிருந்தேன். நீங்கதான் எஸ் போட்டுக் குடுத்தீங்க.”